கடும் வானிலையை முன்னறிவிக்க எதில் முதலீடு செய்வது: ரேடாரா, சொந்தக் கணினி மாதிரியா, மண்டல மையமா?

ஒரு நாட்டின் வானிலைத் துறை பெருமழை, சூறைக்காற்று, ஆலங்கட்டி, திடீர் வெள்ளம் போன்றவற்றை வட்டார அளவில் முன்கூட்டியே சொல்லும் திறனை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று அரசு முடிவெடுத்து, அதற்கு ஐந்தாண்டுக்கான பணத்தையும் ஒதுக்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் நான்கு திட்டங்கள் மேசைக்கு வரும்: மழையையும் அதற்குள் வீசும் காற்றையும் அளக்கும் டாப்ளர் ரேடார்கள் வாங்குவது, சொந்தக் கணினியில் நுண்ணளவு வானிலை மாதிரியை, அதாவது வளிமண்டலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து அதன் போக்கைக் கணக்கிடும் நிரலை, ஓட்டுவது, பல நாடுகளுக்குப் பொதுவான மண்டல மையம் ஒன்றின் வழிகாட்டுதலோடு இணைந்து பணியாற்றுவது, அண்மையில் வந்த செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைக் கொண்டு இடைவெளியை நிரப்புவது. பிரிட்டன், பிரான்சு, ஜப்பான், அமெரிக்கா போன்ற நாடுகளிடம் இவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே இருப்பதால் அவற்றுக்கு இது தேர்வே அல்ல. உலக வானிலை அமைப்பின் 193 உறுப்பினர்களில் மற்ற பலருக்கும், ஒன்றை எடுத்தால் இன்னொன்று பல ஆண்டுகள் தள்ளிப்போகும்.

திறன் என்று எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 2023 செப்டம்பரில் டேனியல் புயல் லிபியாவை நோக்கி வந்தபோது, அந்நாட்டு வானிலை மையம் 72 மணி நேரத்துக்கு முன்பே எச்சரித்திருந்தது. அல் பைதாவில் 24 மணி நேரத்தில் 414.1 மில்லிமீட்டர் மழை பதிவானது. டெர்னா நகருக்கு மேலே இருந்த அணைகள் இரவில் உடைந்தபோது ஆயிரக்கணக்கானோர் உறக்கத்திலேயே அடித்துச் செல்லப்பட்டனர். 2024 அக்டோபர் 29 அன்று ஸ்பெயினின் வலென்சியா மாகாணத்தில், வானிலைத் துறை காலையிலேயே சிவப்பு எச்சரிக்கை விடுத்தும், மக்களின் கைபேசிகளுக்கு அவசரச் செய்தி போனது இரவு எட்டு மணிக்குப் பிறகுதான்; அதற்குள் பல ஊர்களில் வெள்ளம் புகுந்துவிட்டது. 220-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஒன்று உள்நாட்டுப் போரால் நலிந்த நாடு. மற்றொன்று ரேடாரும் மாதிரியும் குறைவில்லாத நாடு. எச்சரிக்கை இரண்டு இடத்திலும் இருந்தது. அணை உடையுமா, எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு நீர் ஏறும், அதை யார் யாரிடம் சொல்ல வேண்டும் என்ற விவரமே உரிய நேரத்தில் உரியவர் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஆகவே மில்லிமீட்டர் கணக்கைத் துல்லியமாக்குவதை மட்டும் திறன் என்று எடுத்துக்கொண்டால், பணத்தின் பெரும்பகுதி தவறான இடத்துக்குப் போய்விடும்.

நான்கு திட்டங்களையும் ஒரே அளவுகோலில் நிறுத்த, ஒரு கேள்வி போதும் என்று நினைக்கிறேன்: இந்த வேலையை இந்த நாட்டின் வானிலைத் துறையைத் தவிர வேறு யாராவது செய்து தர முடியுமா? ஐந்து நாள் கழித்து ஒரு தாழ்வுமண்டலம் எங்கே இருக்கும் என்பதை உலக மையங்கள் சொல்லிவிடும். அதைச் சிறிய நாடு ஒன்று அவர்களைவிட நன்றாகச் சொல்ல வழியில்லை. அடுத்த இரண்டு மணி நேரத்தில் எந்தப் பள்ளத்தாக்கில் மேகம் கொட்டும் என்பதையோ, ஒரு குறிப்பிட்ட ஆற்றுப்படுகையில் 80 மில்லிமீட்டர் மழை என்ன செய்யும் என்பதையோ வெளியார் எவரும் சொல்லமாட்டார்கள். ஒரு தனி இடிமேகத்தின் வாழ்நாள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். எனவே அதை முந்தைய நாளே இடம் குறித்துச் சொல்வது எந்த மாதிரியாலும் ஆகாது. முந்தைய நாள் சொல்லக்கூடியது வாய்ப்பு. அன்று சொல்லக்கூடியது இடம். இவ்விரண்டுக்கும் கருவிகள் வெவ்வேறு.

மண்டல மையத்தோடு இணைவது நான்கிலும் செலவு குறைந்தது, மதிப்புக் குறைத்துப் பேசப்படுவதும் அதுவே. உலக வானிலை அமைப்பு இந்த முறையை 2006-இல் ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதியில், போட்ஸ்வானா, மடகாஸ்கர், மொசாம்பிக், தான்சானியா, ஜிம்பாப்வே ஆகிய ஐந்து நாடுகளோடு செயல்விளக்கமாகத் தொடங்கியது. இங்கிலாந்தின் ரெடிங்கில் இருந்த ஐரோப்பிய நடுத்தரக்கால முன்னறிவிப்பு மையம், பிரிட்டனின் வானிலை அலுவலகம், அமெரிக்காவின் தேசிய மையம் ஆகியவற்றின் மாதிரிப் படங்கள் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவிலுள்ள மண்டல மையத்துக்கு வரும். அங்குள்ள முன்னறிவிப்பாளர்கள் அவற்றை ஒப்பிட்டு, அடுத்த ஐந்து நாட்களில் எந்தப் பகுதியில் பெருமழைக்கும் பலத்த காற்றுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று வரைபடமும் விளக்கக் குறிப்பும் தயாரிப்பார்கள். சூறாவளிகளை ரீயூனியன் தீவிலுள்ள மையம் கவனிக்கும். அவற்றைப் பெற்றுக்கொண்ட தேசிய மையம் தன் நாட்டுக்கான எச்சரிக்கையைத் தானே எழுதி வெளியிடும். இந்த அடுக்குமுறை பின்னர் கிழக்கு ஆப்பிரிக்கா, தென் பசிபிக், தென்கிழக்கு ஆசியா, தெற்காசியா என்று பரவி, நிலையான திட்டமாகவே மாறிவிட்டது. தெற்காசியாவுக்கான மையம் புதுதில்லி.

இதில் பணத்தைவிட மதிப்புள்ள ஒன்று கிடைக்கிறது. மூன்று மாதிரிகள் மூன்று விதமாகச் சொல்லும் ஒரு நாளில், அனுபவமுள்ள ஒருவர் எதை ஏன் நம்பினார் என்ற எழுத்துக் குறிப்பு இளம் முன்னறிவிப்பாளரின் கைக்கு வருகிறது. தான் மட்டும் தனியாக எச்சரித்துவிட்டோமோ என்ற அச்சமும் குறைகிறது. எல்லைக்கு இருபுறமும் முரண்பட்ட எச்சரிக்கைகள் வெளியாவது குறைகிறது. ஆறும் புயலும் எல்லைக்கோட்டைப் பார்ப்பதில்லை என்பதால் இது சிறிய பயன் அல்ல.

குறைகளும் உண்டு. பத்து, பதினைந்து நாடுகளைப் பார்க்கும் மையத்துக்கு ஒரு மாவட்டத்தின் மலைச்சரிவு தெரியாது. அதன் வழிகாட்டுதல் நாள் கணக்கில் வருவது, மணிக் கணக்கில் அல்ல. இன்னொரு ஆபத்து மெல்ல வரும்: மண்டல வரைபடத்தில் வண்ணம் இல்லாத நாளில் தேசிய மையமும் எச்சரிக்கை எழுதாமல் விட்டுவிடப் பழகிவிடும். வழிகாட்டுதலை மறுத்து எழுதும் துணிவும் அதற்கான காரணத்தைப் பதிவு செய்யும் வழக்கமும் இல்லாத அலுவலகத்தில், இந்த ஏற்பாடு படத்தை நகலெடுக்கும் வேலையாகச் சுருங்கிவிடும்.

சொந்தக் கணினி மாதிரி என்ற திட்டத்துக்கு அரசுகளிடம் எப்போதும் ஒரு கவர்ச்சி உண்டு, ஏனெனில் திறந்துவைக்க ஒரு கணினிக் கூடம் இருக்கும், செய்திக்குறிப்பில் போட ஒரு எண் இருக்கும். ஒரு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்ற அந்த எண்ணைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். இடிமேகத்தை மாதிரி நேரடியாக உருவாக்க வேண்டுமானால் கட்ட இடைவெளி, அதாவது மாதிரி கணக்கிடும் புள்ளிகளுக்கு இடையேயுள்ள தூரம், ஏறத்தாழ நான்கு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் மூன்று கிலோமீட்டர் மாதிரி நம்பும்படி காட்டக்கூடிய மிகச் சிறிய அமைப்பு மூன்று கிலோமீட்டர் அல்ல. கட்ட இடைவெளியைப் போல ஆறு, ஏழு மடங்கு, அதாவது இருபது கிலோமீட்டர் அளவில் இருக்கும். இடைவெளியைப் பாதியாக்கினால் கிடைமட்டத்தில் இரு திசையிலும் புள்ளிகள் இரட்டிப்பாகும், கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் காலப் படியும் பாதியாகும். ஆக கணக்கு வேலை எட்டு மடங்கு. மின்சாரம், குளிரூட்டல், நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை கணினியை மாற்றுவது ஆகியவை தனி.

இதைவிடப் பெரிய சிக்கல், மாதிரி எந்த நிலையிலிருந்து தொடங்குகிறது என்பது. டபிள்யூ.ஆர்.எஃப். போன்ற மாதிரியின் நிரலை எவரும் இலவசமாகப் பெறலாம். உலக மாதிரியின் தொடக்க நிலையை எடுத்து அதில் ஊட்டிவிட்டால் அழகான படங்கள் வந்துவிடும். அப்படி ஓடும் மாதிரி, மலை எங்கே இருக்கிறது, கடற்கரை எங்கே வளைகிறது என்பதை உலக மாதிரியைவிட நன்றாக அறியும். ஆகவே மலைச்சரிவில் பெய்யும் மழையும் கடற்காற்றும் ஓரளவு தெளிவடையும். இன்று காலை எங்கே இடிமேகம் எழுந்துவிட்டது என்பது மட்டும் அதற்குத் தெரியாது. அமெரிக்காவின் மூன்று கிலோமீட்டர் மாதிரி மணிக்கொருமுறை புதிதாக ஓடுவதற்கும், பயன்படுவதற்கும் காரணம் கட்ட இடைவெளி அல்ல. ரேடார் தரவு உட்பட அவ்வளவு அவதானிப்புகள் ஒவ்வொரு மணி நேரமும் அதற்குள் சேர்க்கப்படுவதே. சேர்ப்பதற்குச் சொந்த அவதானிப்பு இல்லாத துறை, நுண்ணளவு மாதிரியை வைத்துக்கொண்டு உலக மாதிரியின் பிழைகளைக் கூர்மையான கோடுகளில் வரைந்துகொண்டிருக்கும்.

கூர்மைக்கும் ஒரு விலை உண்டு. மாதிரி மேகத்தை முப்பது கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டால், மழை பெய்த இடத்தில் தவறவிட்டதாகவும், பெய்யாத இடத்தில் பொய் எச்சரிக்கை கொடுத்ததாகவும் இருமுறை தண்டிக்கப்படும். இதைத் தாண்ட ஒரே நுண்ணளவு ஓட்டத்துக்குப் பதில், தொடக்க நிலையைச் சிறிது மாற்றி மாற்றிப் பல ஓட்டங்களாகச் செய்யும் குழும முறை வேண்டும். செலவு மீண்டும் பல மடங்காகும். டென்மார்க், அயர்லாந்து, ஐஸ்லாந்து, நெதர்லாந்து ஆகிய நான்கு நாடுகளின் வானிலைத் துறைகள் சேர்ந்து ஐஸ்லாந்தில் ஒரே கணினியை வைத்துப் பொது மாதிரி ஓட்டுகின்றன என்பதைச் சொந்த மாதிரிக்கு வாதாடுவோர் ஒருமுறை எண்ணிப்பார்க்க வேண்டும். வசதி இல்லாதவர்கள் அல்லர் அவர்கள். தனித்தனியாக ஓட்டுவதில் பயன் இல்லை என்று கணக்குப் பார்த்தவர்கள்.

ரேடாரைப் பற்றிய கணக்கு வேறு வகை. எங்கே எவ்வளவு மழை பெய்துகொண்டிருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது, அதற்குள் காற்று எப்படிச் சுழல்கிறது என்பதை ஐந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை காட்டக்கூடிய கருவி இது ஒன்றே. வழிகாட்டும் மண்டல மையமோ உலக மையமோ இதைத் தர முடியாது. புவிநிலைச் செயற்கைக்கோள் பத்து நிமிடத்துக்கு ஒரு படம் தருகிறது, ஜப்பானின் ஹிமாவாரி போல. ஆனால் அது மேகத்தின் உச்சியைப் பார்க்கிறது, அடியில் பெய்யும் மழையை அல்ல. அடுத்த ஒன்று, இரண்டு மணி நேரத்துக்கான எச்சரிக்கையில் ரேடாருக்கு ஈடு இல்லை என்பதில் கருத்து வேறுபாடு இருக்காது.

இருந்தும் விலைப்பட்டியலில் எழுதப்படும் வீச்சைக் கண்டு ஏமாறக் கூடாது. பூமி வளைந்திருப்பதால், அரை டிகிரி சாய்வில் அனுப்பிய கதிர் 100 கிலோமீட்டர் தொலைவில் தரைக்கு மேல் ஒன்றரைக் கிலோமீட்டரிலும், 200 கிலோமீட்டரில் நான்கு கிலோமீட்டருக்கு மேலும் போய்விடும். தாழ்வான மேகத்தில் பெய்யும் கனமழையும் தரையை ஒட்டிய சூறைக்காற்றும் அதற்குக் கீழே ஒளிந்துகொள்ளும். மலைநாட்டில் ஒரு சிகரம் ஒரு திசையையே மறைத்துவிடலாம். பத்து சென்டிமீட்டர் அலைநீள எஸ் பட்டை ரேடார் கனமழையை ஊடுருவிப் பார்க்கும், ஆனால் பெரிய ஆன்டெனாவும் பெரிய கட்டடமும் கேட்கும். மூன்று சென்டிமீட்டர் எக்ஸ் பட்டை மலிவானது, சிறியது, ஆனால் முன்னால் ஒரு பெரிய இடிமேகம் நின்றால் அதற்குப் பின்னால் இருப்பதைக் காண முடியாமல் போய்விடும். மிகவும் தேவைப்படும் நாளில்தான் அப்படி ஆகும். அதை மிதமான மழைக்கும், பெரிய ரேடாரின் மறைவிடங்களை நிரப்பவும் வைத்துக்கொள்வதே சரி.

பராமரிப்பு விஷயத்தில் பல நாடுகளின் அனுபவம் கசப்பானது. ரேடார் வாங்கக் கடனும் கொடையும் கிடைக்கும். பத்தாண்டுக்கு அதை ஓட்ட எவரும் கொடுப்பதில்லை. அலைபரப்பும் குழாய் தேய்ந்தால் மாற்றுக் குழாய் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்காகும். மின்னல் தாக்கினால், இடைவிடா மின்வழங்கி பழுதானால், குன்றின் மேலிருந்து தரவைக் கொண்டுவரும் இணைப்பு அறுந்தால், அந்த ஆண்டின் மழைக்காலம் ரேடாரின்றியே கழிந்துவிடும். வெளியே தெரியாத பழுது இன்னும் மோசமானது. மழைத்துளிகளில் பட்டு ரேடாருக்குத் திரும்பும் எதிரொலிப்பின் அளவீடு 3 டெசிபல் பிசகினால், வழக்கமான சூத்திரத்தில் மழை மதிப்பீடு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகவோ மூன்றில் இரண்டு பங்காகவோ மாறிவிடும். திரையில் படம் வழக்கம்போல அழகாகவே இருக்கும். தரையில் மழைமானிகள் இல்லாமல் இந்தப் பிசகைக் கண்டுபிடிப்பது கடினம். எனவே ரேடாரின் விலையை மட்டும் வைத்து ஒப்பிடுவதில் பொருளில்லை. பத்தாண்டுப் பராமரிப்பும், உதிரிபாகக் கிடங்கும், குறைந்தது இரண்டு பயிற்சி பெற்ற பொறியாளர்களும் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால்தான் அது ஒரு திட்டம்.

தரை நிலையங்களையும், வளிமண்டலத்தின் மேலடுக்குகளை அளக்கும் வானிலை பலூன்களையும் எவரும் பெரிய திட்டமாக முன்வைப்பதில்லை, அதனாலேயே அவை விடுபட்டுப்போகின்றன. உலக வானிலை அமைப்பு 2021-இல் ஏற்றுக்கொண்ட அடிப்படை அவதானிப்பு வலையமைப்பு விதிகளின்படி, நிலப்பரப்பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் மணிக்கொருமுறையும், 500 கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் பலூன் நாளுக்கு இருமுறையும் தரவு அனுப்ப வேண்டும். இது குறைந்தபட்சம், அதையும் எட்டாத நாடுகள் பல. ஒரு நாட்டின் காலை நேரப் பலூன் தரவு தில்லிக்கும் ரெடிங்குக்கும் போய், உலக மாதிரியின் வழியாகத் திரும்பவும் அந்த நாட்டுக்கே சிறந்த முன்னறிவிப்பாக வருகிறது. வளிமண்டலத்தின் நிலையின்மையை, அதாவது இன்று பிற்பகலில் மேகம் எவ்வளவு உயரம் எழக்கூடும் என்பதை, முன்னறிவிப்பாளர் முதலில் படிப்பதும் அந்தப் பலூன் வரைபடத்தில்தான்.

செயற்கை நுண்ணறிவு மாதிரிகள் இந்தக் கணக்கில் புதிதாக நுழைந்தவை. 2023-இல் வெளியான பாங்கு வெதர், கிராஃப்காஸ்ட் ஆகியவை பத்து நாள் முன்னறிவிப்பை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்கின்றன. கிராஃப்காஸ்டுக்கு ஒரு நிமிடம்கூட ஆவதில்லை. ஐரோப்பிய மையம் தன் சொந்த நுண்ணறிவு மாதிரியை 2025 பிப்ரவரியில் அன்றாடப் பணிக்கே கொண்டுவந்துவிட்டது. பெரிய கணினி இல்லாத நாடும் ஓட்டலாம் என்பது மெய். புயலின் பாதையை இவை நன்றாகவே சொல்கின்றன. ஆனால் பழைய தரவில் ஏறத்தாழ 28 கிலோமீட்டர் கட்டங்களில் பயின்றவை என்பதாலும், சராசரிப் பிழையைக் குறைக்கப் பழக்கப்பட்டவை என்பதாலும், உச்சங்களை மழுக்கிவிடும் இயல்பு இவற்றுக்கு உண்டு. புயலின் வலிமையையும் ஓரிடத்தின் அதிகபட்ச மழையையும் குறைத்துச் சொல்கின்றன. கடும் வானிலை என்பதே உச்சங்களைப் பற்றியது. தொடக்க நிலைக்கு இவையும் பெரிய மையங்களையே நம்பியிருக்கின்றன. ஆகவே இது தனித் திட்டமாக நிற்காது. மண்டல மையத்தின் வழிகாட்டுதலில் இன்னொரு படமாக, ஏறத்தாழ இலவசமாகச் சேர்ந்துகொள்ளும். இதற்கென்று தனிக் கட்டடம் கேட்டு வரும் திட்டத்தைத் தயங்காமல் திருப்பி அனுப்பலாம்.

இந்த நான்கிலும் பெயர் வராத ஒன்று, இரவு மூன்று மணிக்கு மேசையில் இருக்கும் ஆள். வாரத்துக்கு 168 மணி நேரம்; ஒருவர் 40 மணி நேரம் பார்ப்பார் என்றால் ஒரு நாற்காலியை நிரப்பவே நான்குக்கு மேல் ஆட்கள் வேண்டும், விடுப்பையும் பயிற்சியையும் சேர்த்தால் ஐந்து அல்லது ஆறு. இதைக் கணக்கில் சேர்க்காமல் ரேடார் வாங்கிய துறையில், படம் வந்துகொண்டே இருக்கும், பார்க்க ஆள் இருக்காது. கடும் மேகங்கள் நள்ளிரவுக்குப் பின் திரளும் இடங்களில், விக்டோரியா ஏரியைப் போல, இந்தக் குறை உயிரோடு விளையாடும். அங்கே மீனவர்கள் ஏரியில் இருக்கும் நேரமும் இடிமேகம் எழும் நேரமும் ஒன்றே.

அந்த ஆள் என்ன எழுதுகிறார் என்பதும் கருவியைப் போலவே முக்கியம். பிரிட்டனின் வானிலை அலுவலகம் 2011 முதல் எச்சரிக்கையின் நிறத்தை மழை அளவால் மட்டும் முடிவு செய்வதில்லை. நடக்க எவ்வளவு வாய்ப்பு, நடந்தால் எவ்வளவு பாதிப்பு என்ற இரண்டையும் ஒரு கட்டத்தில் வைத்து நிறத்தைத் தேர்கிறது. இதைச் செய்ய மீக்கணினி தேவையில்லை. எந்தப் பாலம் எத்தனை மில்லிமீட்டரில் மூழ்கியது, எந்தக் காற்றில் எந்த வகைக் கூரைகள் பறந்தன என்ற பழைய பதிவும், நீர்வளத் துறையோடும் பேரிடர் நிர்வாகத்தோடும் அன்றாடம் பேசும் பழக்கமும் போதும். சாதாரணமாகத் தோன்றும் இந்த வேலைதான் பல நாடுகளில் நடப்பதில்லை, ஏனெனில் இது எவருடைய திட்டச் செலவிலும் வருவதில்லை.

இவற்றையெல்லாம் வைத்து என் தேர்வைச் சொன்னால்: முதல் இரண்டு ஆண்டுகளில் பணம் முன்னறிவிப்பாளர் மேசைக்கும் தரை நிலையங்களுக்கும் போக வேண்டும், மண்டல மையத்தோடு இணைப்பு உறுதியாக வேண்டும். அதே காலத்தில் விடுத்த ஒவ்வொரு எச்சரிக்கையும், நிகழ்ந்த ஒவ்வொரு நிகழ்வும் பதிவாக வேண்டும்: எத்தனை நிகழ்வு முன்பே சொல்லப்பட்டது, எத்தனை எச்சரிக்கை பொய்த்தது, எத்தனை மணி நேர அவகாசம் கிடைத்தது. பொய்த்த எச்சரிக்கைகளைக் கண்டு கூச்சப்படத் தேவையில்லை. அமெரிக்காவிலேயே டொர்னேடோ என்னும் சுழற்காற்று எச்சரிக்கைகளில் ஏறத்தாழ பத்தில் ஏழு பொய்த்தவை. இந்தப் பதிவு இல்லாமல் அடுத்த கட்டத்துக்கான எந்தக் கோரிக்கையையும் நிதித் துறை ஏற்கக் கூடாது என்றுகூடச் சொல்வேன். மூன்றாம் ஆண்டில் அந்தப் பதிவு எங்கே ஓட்டை என்று காட்டும். இரண்டு மணி நேரத்துக்குள் எழும் மேகங்களே தவறிப்போகின்றன என்றால் ரேடார், அதுவும் மக்கள் அடர்ந்த, வெள்ளம் வேகமாக ஏறும் படுகைக்கு முதலில், பராமரிப்பு ஒப்பந்தத்தோடு. தவறுவது மலைச்சரிவின் அடுத்த நாள் மழை என்றால், அண்டை நாடுகளோடு சேர்ந்த ஒரு பொது நுண்ணளவு மாதிரி.

இந்த வரிசை எல்லோருக்கும் ஒன்றல்ல. பசிபிக்கின் சிறு தீவு நாட்டுக்குப் புயலும் கடல் அலையுமே பெரும் இடர். அதற்கு நியூசிலாந்தின் வெலிங்டனிலுள்ள மண்டல மையத்தின் வழிகாட்டுதலும் அலைமானிகளும் ரேடாரைவிடப் பயன்படும். நிலப்பரப்பு பெரிதாக, ஏற்கெனவே பத்து, இருபது ரேடார்கள் நன்றாக ஓடும் நாட்டுக்குச் சொந்த மாதிரியைத் தள்ளிப்போடக் காரணமே இல்லை. ரேடார் தரவை மாதிரிக்குள் சேர்க்காமல் வைத்திருப்பதுதான் அங்கே வீண். செங்குத்தான மலைகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் கொண்ட நாடு ஒரு பெரிய ரேடாரின் விலையில் சில சிறிய எக்ஸ் பட்டை ரேடார்களையும், ஆற்றின் மேல்பகுதியில் தானியங்கி நீர்மட்ட மானிகளையும் சேர்த்து வாங்குவதை ஆராயலாம். அங்கே மழை பெய்ததற்கும் வெள்ளம் கீழே வந்து சேர்வதற்கும் இடையே உள்ள அவகாசம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருக்கக்கூடும் என்பதால், மழையைவிட நீர்மட்டமே நம்பத்தக்க அறிகுறி.